மூன்றாவது கட்டத்தில் ஒரு டிக்

மார்ச் 4, செவ்வாய்

ரேடியோவுக்கு,

'அன்புள்ள' என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். வரவில்லை. வரும்போது எழுதிக்கொள்கிறேன்.

போனில் கூப்பிடாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் பாதி சொல்வதற்குள் மீதியை நீயே சொல்லி முடித்துவிடுவாய். உன் அண்ணன் சின்ன வயதிலேயே உனக்கு ரேடியோ என்று பேர் வைத்தது சும்மா இல்லை. கடிதத்தில் நீ குறுக்கே புகுந்து பேச முடியாது. முழுக்கப் படித்துத்தான் ஆகவேண்டும்.

நேற்று பிசியோதெரபி மையத்திலிருந்து தபால் வந்தது. 'பங்கேற்பாளர் தொடர்ந்து இரண்டு முறை முன்னேற்றம் தெரிவித்துள்ளதால் சிகிச்சை இத்துடன் நிறைவடைகிறது. வரும் திங்கள் முதல் வழக்கமான பணிக்குத் திரும்பலாம்.' இதே தாளின் நகல் எங்கள் சலவைக்கூடத்துக்கும் போயிருக்கிறது. மேற்பார்வையாளர் போன் செய்து வாழ்த்துச் சொன்னார். வாழ்த்து!

எந்த முன்னேற்றம்? யாருக்கு? மெஷினிலிருந்து ஈர விரிப்புகளை இழுத்தபோது பிடித்துக்கொண்ட வலது தோள் இரண்டு வருஷமாக அப்படியேதான் இருக்கிறது. ஆஸ்பத்திரி படுக்கை விரிப்பு நனைந்தால் என்ன கனம் கனக்கும் என்று உனக்குத் தெரியாது. பத்து நிமிடம் உட்கார்ந்தால் கழுத்திலிருந்து விரல் நுனிவரை எரிகிறது. நின்றால் கொஞ்ச நேரத்தில் தோள் இரவல் வாங்கியதுபோல் தொங்குகிறது. இப்போதும் இஸ்திரி மேசைமேல் தாளை வைத்து நின்றுகொண்டுதான் எழுதுகிறேன். இதுவரை எழுதுவதற்குள் இரண்டு தடவை ஜன்னல்வரை நடந்துவிட்டு வந்தேன்.

நீ அந்த ஊரில் உட்கார்ந்து நாள்பட்ட வலியைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாய். என்னை அந்த மையத்தில் சேர்த்ததும் நீதான். அதை நான் மறக்கவில்லை. ஆனால் மாதாமாதம் நோயாளிகளைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டு மையத்துக்கு எழுதி அனுப்புவதும் நீதானே? கூப்பிட்டாயே, "வணக்கம், பங்கேற்பாளர் ஐம்பத்தெட்டுங்களா?" என்று. பரீட்சைக்குப் போகும்போதெல்லாம் உனக்குத் தலை பின்னிவிட்டவள் ஐம்பத்தெட்டு ஆகிவிட்டேன்.

போன வருஷம் சாப்பாட்டு மேசையில், "ஸ்கேன்ல ஒண்ணும் இல்ல அண்ணி" என்றாய். நீ என்ன அர்த்தத்தில் சொன்னாயோ தெரியாது. உன் அண்ணன் காதில் 'இவளுக்கு ஒண்ணும் இல்ல' என்றுதான் விழுந்தது. இப்போது இந்தத் தாள் வேறு. "பாத்தியா, குணமாயிட்டு வருது" என்று தட்டிக்கொடுத்தார். வலது தோளில்.

திங்கள்கிழமைக்குள் அந்தத் தாளை மாற்றிக் கொடு. எனக்குச் சிகிச்சை வேண்டும். வேறு எதுவும் கேட்கவில்லை.

அண்ணி (ஐம்பத்தெட்டு)


மார்ச் 7, வெள்ளி

அண்ணிக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தை ஆபீஸ் நடையில் நின்றபடியே படித்தேன். பக்கத்து அறைக்காரர், "ஏதாவது கெட்ட செய்தியா?" என்று கேட்கிற அளவுக்கு என் முகம் மாறியிருக்கிறது.

அண்ணி, அந்தத் தாளில் இருப்பது நான் சொன்னது இல்லை. நீங்கள் சொன்னது. நாங்கள் கேட்பது ஒரே கேள்விதான்: வலி இப்போது எப்படி இருக்கிறது? பதிலுக்கு நாலு கட்டம். மோசம், அப்படியே, பரவாயில்லை, நல்லா இருக்கு. கடைசி இரண்டும் முன்னேற்றம். ஜனவரியிலும் 'பரவாயில்ல' என்றீர்கள், பிப்ரவரியிலும் 'பரவாயில்ல' என்றீர்கள். குரல் பதிவே இருக்கிறது. தொடர்ந்து இரண்டு முறை முன்னேற்றம் என்றால் மையம் இடத்தைக் காத்திருப்பவருக்குக் கொடுத்துவிடும். இது எல்லாருக்கும் ஒரே விதி.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மனசு ஆறவில்லை. அந்த மூன்றாவது கட்டத்தில் முதலில் 'ஓரளவு தணிந்துள்ளது' என்றுதான் இருந்தது. யார் வீட்டில் வலி 'தணிகிறது'? ஜனங்கள் பேசுகிற வார்த்தை இருந்தால்தானே பதில் சரியாக வரும் என்று சண்டை போட்டு 'பரவாயில்லை' என்று மாற்றியதே நான்தான். எங்கள் தலைமை டாக்டரம்மா அத்தனை பேர் முன்னால் பாராட்டினார். உங்களைப் போன்றவர்களை நினைத்துத்தான் அதைச் செய்தேன்.

பதிவான பதிலைத் திருத்த முடியாது. முப்பத்தொன்றாம் தேதி எங்கள் ஆராய்ச்சி அறிக்கை போகிறது. நான் ஒரே ஒரு டிக்கை மாற்றினாலும், நாத்தனார் அண்ணிக்குச் செய்துகொடுத்தாள் என்று ஆகிவிடும். உண்மையில் சொந்தக்காரர்களை நான் கூப்பிடவே கூடாது. அந்த மாதங்களில் ஆள் பற்றாக்குறை. அதை வெளியே சொல்லாதீர்கள்.

ஸ்கேன் விஷயத்தில் நான் சொன்னது வேறு. கிழிசல் எதுவும் இல்லை, காயம் ஆறிவிட்டது, ஆனாலும் நரம்பு பழக்கதோஷத்தில் கத்திக்கொண்டே இருக்கிறது என்றேன். வலி பொய் என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. அண்ணன் பாதியைத்தான் கேட்டிருக்கிறார்.

மெதுவாக அசைத்துக்கொண்டே இருங்கள். பயந்து அசையாமல் வைத்தால்தான் கெடுதல். ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. வலிக்கிறது என்றால் வலிக்கிறது என்று சொல்ல ஒரு நொடி போதுமே? ஏன் சொல்லவில்லை?

ரேடியோ


மார்ச் 11, செவ்வாய்

ரேடியோவுக்கு,

ஏன் சொல்லவில்லையா? நன்றாகக் கேட்டாய் போ.

நான் இந்த வீட்டுக்கு வந்து பதினாறு வருஷம். இதுவரை என் வாயிலிருந்து எத்தனை 'பரவாயில்ல' கேட்டிருப்பாய்? நீ என் மூக்குக்கண்ணாடிமேல் உட்கார்ந்து உடைத்துவிட்டு விழித்துக்கொண்டு நின்றாய். பரவாயில்ல என்றேன். கண்ணாடி முன்னேற்றமா அடைந்தது? பஸ்ஸில் ஒருத்தன் ஷூ காலோடு என் காலை மிதித்துவிட்டு "சாரி" என்றான். பரவாயில்ல என்றேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் நகம் கறுத்துக் கிடக்கிறது. உன் அண்ணன் என் பிறந்த நாளை மறந்துவிட்டு நாலாம் நாள் நாக்கைக் கடித்தார். பரவாயில்ல. உன் படிவத்தை எடுத்துக்கொண்டு இந்த வீட்டில் உட்கார்ந்தாய் என்றால், இந்த ஊரிலேயே அதிகமாகக் குணமான ஆள் நான்தான்.

நேற்று வேலைக்குப் போனேன். போகாமல் என்ன செய்வது? தாளில் எழுதியிருக்கிறதே.

எங்கள் கூடத்தில் ஒரு விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். என்னோடு பதினொரு வருஷமாக மறுமுனையைப் பிடிப்பவளை எதிர்முனைக்காரி என்றுதான் கூப்பிடுவேன். அவள் எனக்காகக் கையைத் தாழ்த்தியே பிடித்தாள். அப்படியும் மூன்று தடவை என் முனை நழுவியது. மூன்றாவது தடவை விரிப்பு தரையில் விழுந்தது. தரையைத் தொட்ட துணி திரும்ப மெஷினுக்குத்தான் போக வேண்டும். மேற்பார்வையாளர் வந்தார். "தோள் வலி இன்னும் விடல சார்" என்றேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தத் தாளை எடுத்துப் படித்தார். "முன்னேற்றம்னு போட்டிருக்கேம்மா?" என்றார். தோள் சொல்வதை நம்பவில்லை, தாள் சொல்வதை நம்புகிறார்.

"அப்ப லேசான வேலைக்கு மாத்திக் கொடுங்க" என்று எதிர்முனைக்காரி எனக்காகக் கேட்டாள். அதற்கும் மையத்திலிருந்து தாள் வேண்டுமாம்.

குரல் பதிவு இருக்கிறது என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். போட்டுக் கேள். நான் என்ன சொன்னேன் என்பதை மட்டும் இல்லை, அதற்கு முன்னால் நீ என்ன சொன்னாய் என்பதையும் சேர்த்துக் கேள். எனக்கு ஞாபகம் இருக்கிறது. உனக்கு இருக்காது.

எழுந்து நடக்க வேண்டும்போல் இருக்கிறது. இதோடு நிறுத்துகிறேன்.

அண்ணி


மார்ச் 15, சனி

அண்ணி,

கேட்டேன்.

இந்தக் கடிதத்தை இதோடு நாலாவது தடவையாக ஆரம்பிக்கிறேன். முதல் மூன்றும் நியாயம் பேசின. கிழித்துப்போட்டேன்.

ஜனவரிப் பதிவில் நான், "வலி இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்கிறேன். கொஞ்ச நேரம் உங்கள் மூச்சு மட்டும் கேட்கிறது. அப்புறம் நீங்கள், "அது வந்து, காலையில எழுந்திரிக்கும்போது..." என்று ஆரம்பிக்கிறீர்கள். நான் விடவில்லை. "மோசமா, அப்படியேவா, பரவாயில்லையா, நல்லா இருக்கா?" என்று மளமளவென்று ஒப்பிக்கிறேன். நீங்கள் மெதுவாக, "பரவாயில்ல" என்கிறீர்கள். நான் உடனே, "சூப்பர்!" என்கிறேன். அண்ணி, அந்த 'சூப்பர்' என் குரல்தானா என்று இரண்டு தடவை திரும்பப் போட்டுப் பார்த்தேன். என் குரல்தான்.

பிப்ரவரிப் பதிவு அதைவிட மோசம். நீங்கள், "இப்ப பேசலாமா, வேலையா இருக்கியா?" என்கிறீர்கள். நான், "சீக்கிரம் சொல்லுங்க அண்ணி, இன்னும் பதினோரு பேர் இருக்காங்க" என்கிறேன். நீங்கள், "சரி, பரவாயில்ல, நீ போ. சாப்பிட்டியா?" என்கிறீர்கள். அவ்வளவுதான் மொத்தப் பேச்சும். அந்தப் பரவாயில்ல தோளைப் பற்றியதே இல்லை. என் அவசரத்தைப் பார்த்து எனக்குச் சொன்னது. அதைத் தூக்கி மூன்றாவது கட்டத்தில் டிக் போட்டிருக்கிறேன்.

அதோடு நிறுத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். நிறுத்த முடியவில்லை. மற்றவர்களின் பதிவுகளையும் கேட்க ஆரம்பித்தேன். இடுப்பு வலிக்கார லாரி டிரைவர் ஒருவர், "பரவாயில்ல, விடுங்கம்மா, சொல்லி என்ன ஆகப்போகுது" என்கிறார். டிக். ஒரு டீச்சர் கொஞ்சம் அழுதுவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பரவாயில்லங்க" என்கிறார். டிக். நிஜமாகவே நன்றாக இருந்து சந்தோஷமாகச் சொன்னவர்களும் உண்டு. எல்லாருக்கும் அதே டிக். நூற்று நாற்பது பேரில் அறுபத்தோரு பேர் அந்தக் கட்டத்தில் இருக்கிறார்கள். ஓரளவு தணிந்துள்ளதா என்று கேட்டிருந்தால், டிரைவர் "தணியவாவது ஒண்ணாவது" என்று சொல்லியிருப்பார். எனக்கு உண்மை தெரிந்திருக்கும்.

டாக்டரம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. அவர் அறைக் கதவுவரை இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும் தண்ணீர் குடிக்கப் போவதுபோல் திரும்பிவிட்டேன். அந்த வார்த்தைக்காகத்தான் என்னை இந்த வேலையில் தூக்கி வைத்துப் பேசினார்கள். அதே வார்த்தை தப்பு என்று நானே போய்ச் சொல்ல வேண்டும். அறிக்கைக்கு இன்னும் பதினாறு நாள்தான். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் அண்ணி, ஏதாவது வழி பார்க்கிறேன்.

ரேடியோ


மார்ச் 18, செவ்வாய்

ரேடியோ,

இது இடது கை எழுத்து. கோணலாகத்தான் இருக்கும்.

சனிக்கிழமை விரிப்பை உதறும்போது தோள் பூட்டிக்கொண்டது. எதிர்முனைக்காரி ஓடிவந்து பிடித்தாள். வலது கை இடுப்புக்கு மேல் வரவில்லை.

மையத்துக்குப் போனோம். நான் குணமானவர் பட்டியலில் இருக்கிறேனாம். புதிதாக விண்ணப்பித்தால் நாலு மாதம் காத்திருக்க வேண்டுமாம்.

உன் அண்ணன்தான் எனக்குத் தலை வாரிவிடுகிறார். வகிடு காதுக்குப் பக்கத்தில் வருகிறது. நேற்று வாரிக்கொண்டே அழுதார். "ஒண்ணும் இல்லன்னு நெனச்சுட்டேனே" என்றார்.

பொறுத்துக்கொள்ளச் சொல்கிறாய். இவ்வளவு நாளும் அதைத்தானே செய்தேன்.

கதவுவரை போனேன் என்கிறாய். தட்டு.

அண்ணி


மார்ச் 22, சனி

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கோணல் எழுத்தைப் பார்த்த பிறகு தண்ணீர் குடிக்கப் போகவில்லை. நேராகப் போய்த் தட்டினேன்.

கையோடு மூன்று பதிவுகள் கொண்டுபோனேன். டிரைவர், டீச்சர், நீங்கள். டாக்டரம்மா முகத்தில் ஈ ஆடவில்லை. கேட்டு முடித்துவிட்டு, "இந்த வார்த்தையைப் போட்டது யாரு?" என்றார்.

"நான்தான் மேடம்."

"கைதட்டினது யாரு?"

"நீங்கதான் மேடம்."

"அப்ப ரெண்டு பேருக்கும்தான் புத்தி வேலை செய்யல" என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, "ராத்திரி தூங்கவே இல்ல போலிருக்கே, உனக்கு ஒண்ணும் இல்லையே?" என்றார். நான், "பரவாயில்ல மேடம்" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் சிரித்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது.

உங்களை நானே கூப்பிட்டதையும் சொல்லிவிட்டேன். அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை. இந்த ஆராய்ச்சியில் நோயாளிகளோடு பேசும் வேலையிலிருந்து என்னை எடுத்துவிட்டார். பழைய பதிவுகளைக் கேட்டு எழுதும் வேலைதான் இனிமேல். நாள் முழுக்க வாயை மூடிக்கொண்டு ஹெட்போனோடு உட்கார்ந்திருக்கிறேன். ரேடியோவுக்கு இதைவிடப் பெரிய தண்டனை இல்லை என்று அண்ணனிடம் சொல்லுங்கள், சிரிப்பார்.

இப்போது நடந்தது இதுதான். அறிக்கை முப்பத்தொன்றாம் தேதி போகாது. மூன்றாவது கட்டத்தில் இருக்கும் அறுபத்தோரு பேருக்கும் சிகிச்சை நிறைவு என்று போன தாள் செல்லாது என்று மையத்துக்கு எழுதிவிட்டார்கள். உங்கள் சலவைக்கூடத்துக்கும் எழுதியாயிற்று. சிகிச்சை முடியும்வரை பாரம் தூக்காத வேலை என்று அதில் தெளிவாக இருக்கிறது. வேறொரு ஆள் எல்லாரையும் புதிதாகக் கூப்பிடுகிறார். கட்டம் கிடையாது.

உங்கள் பழைய இடம் இன்னொருவருக்குப் போய்விட்டது அண்ணி. அவருக்கும் வலிதான், அவரை எழுப்பிவிட்டு உங்களை உட்காரவைக்க முடியாது. ஏப்ரல் ஒன்பதாம் தேதி உங்களுக்கு இடம் இருக்கிறது. அதுவரை வாரம் இரண்டு தடவை பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வருவார். நான் செய்த தப்புக்கு நீங்கள் இன்னும் பதினெட்டு நாள் காத்திருக்க வேண்டியிருக்கிறது. இதை எழுதவே கை கூசுகிறது.

ஒரு தாள் வைத்திருக்கிறேன். இது ஆராய்ச்சிக்கு இல்லை, எனக்கு. அதில் கேள்வி ஒன்றுதான்: இந்த வாரம் வலி உங்களை எதைச் செய்ய விடவில்லை? கீழே வெற்றிடம். முடிந்தபோது எழுதுங்கள்.

மன்னித்துவிடுங்கள் அண்ணி.

ரேடியோ


மார்ச் 26, புதன்

அன்புள்ள ரேடியோவுக்கு,

வந்துவிட்டது பார்.

நேற்று உங்கள் ஆபீசிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். வலி எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு அப்படியே இருந்தார். லைன் போய்விட்டதோ என்று நான்தான் "ஹலோ, ஹலோ" என்றேன். "இருக்கேம்மா, நீங்க சொல்லுங்க" என்றார். நாற்பது நிமிடம் பேசியிருக்கிறேன். எனக்கே தெரியவில்லை. நடுவில் எழுந்து நடக்கக்கூட இல்லை.

சலவைக்கூடத்தில் துணிகளுக்குச் சீட்டு ஒட்டும் மேசையைக் கொடுத்திருக்கிறார்கள். இடது கையால் ஒட்டுகிறேன். எல்லாம் சாய்ந்துதான் இருக்கிறது. எதிர்முனைக்காரி ஒவ்வொரு மூட்டையையும் பார்த்துவிட்டு, "இது நீ ஒட்டினதுதானே?" என்று கேட்டு மானத்தை வாங்குகிறாள். அவளோடு இப்போது வேறொருத்தி மடிக்கிறாள். பார்க்கப் பொறாமையாக இருக்கிறது. ஒன்பதாம் தேதியை நாள்காட்டியில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.

உன் தாளில் இடம் போதவில்லை, அதனால் இங்கேயே எழுதுகிறேன். தலை வார முடியவில்லை. ஊறுகாய்ப் புட்டியைத் திறக்க முடியவில்லை. பஸ்ஸில் கம்பியைப் பிடிக்க முடியாததால் மூன்று நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடக்கிறேன். வலது பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாததால் உன் அண்ணனுக்கு முதுகைக் காட்டியே இரண்டு வருஷம் போய்விட்டது. நான் கோபமாக இருப்பதாக அவர் நினைத்திருக்கிறார். அவருக்குத்தான் கோபம் என்று நான் நினைத்திருக்கிறேன். இதைப் போய் எந்தக் கட்டத்தில் போடுவாய்? நேற்று கட்டிலில் இடம் மாறிப் படுத்தோம். இவ்வளவு சின்ன விஷயம். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மன்னித்துவிடுங்கள் என்று எழுதியிருக்கிறாய். படித்த உடனே வாயில் அந்த வார்த்தைதான் வந்தது. பதினாறு வருஷப் பழக்கம், விடுமா? பேனா முனைவரை வந்துவிட்டது. நான்தான் எழுதவில்லை.

வலித்தது ரேடியோ. தோளைச் சொல்லவில்லை. எழுந்திரிக்கும்போது எப்படி இருக்கிறது என்று சொல்ல வாயைத் திறந்தேனே, அதை நீ வெட்டியது வலித்தது. 'சூப்பர்' என்றாயே, அது வலித்தது. நீ கதவைத் தட்டிவிட்டாய், எனக்குத் தெரியும், பெருமையாகக்கூட இருக்கிறது. ஆனாலும் இன்னும் வலிக்கிறது.

சனிக்கிழமை கிளம்பி வா. வந்து என் எதிரில் உட்கார்ந்து, எப்படி இருக்கிறது என்று கேள். பதில் சொல்ல எனக்கு நேரமாகும். அதுவரை நீ பேசாமல் இருக்க வேண்டும்.

அண்ணி